காலையில் பசுவைக் கறந்தாச்சா?

“பசுவைக் கறந்தாச்சா?”

கேட்டுக்கொண்டேதான் உள்ளே வந்தார் டாக்டர். காலை ஏழேகால் மணி. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளம். கார் பார்க்கிங்கைத் தாண்டி, கனத்த ஈயக் கதவு ஒன்றைத் தாண்டி, மஞ்சள் பலகையில் மூன்று இறக்கை விசிறி வரைந்த கதிரியக்க எச்சரிக்கையையும் தாண்டி வந்து நிற்கிறேன். சாணி வாசனைக்கு எந்த வாய்ப்பும் இல்லாத இடம்.

“இல்ல சார். பத்திரிகை மேடம் பார்க்கணும்னாங்க, அவங்களுக்காகத்தான் வெயிட்டிங்” என்றார் டெக்னீஷியன்.

எனக்காக ஒரு மாடு மடியோடு காத்திருக்கிறது! இதைவிட நல்ல வரவேற்பு எந்தப் பேட்டியிலும் கிடைத்ததில்லை.

தைராய்டு, சர்க்கரை, எலும்புத் தேய்மானம் என்று ஹார்மோன் கோளாறுகள் இல்லாத வீடு நம் ஊரில் அபூர்வம். அவற்றுக்கெல்லாம் ரத்தம் கொடுத்துத்தான் நமக்குப் பழக்கம். அந்தக் கோளாறுகளைப் படமாகவும் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தேன். ஆஸ்பத்திரி பெயரை எழுதக் கூடாது, நோயாளிகளின் பெயரைக் கேட்கவே கூடாது என்பது நிபந்தனை. கர்ப்பமாக இல்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பேனா மாதிரி ஒரு மீட்டரைக் கொடுத்துச் செருகிக்கொள்ளச் சொன்னார்கள். நான் எவ்வளவு கதிர் வாங்கினேன் என்று அது கணக்கு வைத்துக்கொள்ளுமாம்.

மாடு, ஒரு பெயின்ட் வாளி உயரத்துக்கு ஈயம் பூண்ட உருளை. உண்மைப் பெயர் டெக்னீஷியம் ஜெனரேட்டர். உலகம் முழுக்க நியூக்ளியர் மெடிசின்காரர்கள் அதை மாடு என்றுதான் சொல்கிறார்கள். உள்ளே ஒரு சின்னக் குழாய் நிறைய அலுமினாப் பொடி. பொடியில் ஒட்டிக்கொண்டிருப்பது மாலிப்டினம்-99. 66 மணி நேரத்தில் பாதியாகிவிடும் அந்தத் தாய், டெக்னீஷியம்-99எம் என்கிற பிள்ளையைப் பெற்றுக்கொண்டே இருக்கும். தாய் அலுமினாவை விடாது. பிள்ளைக்கு அவ்வளவு பிடிமானம் கிடையாது. ஒரு பக்கம் உப்புத் தண்ணீரை விட்டால் மறுபக்கம் அதோடு வந்துவிடும்.

டெக்னீஷியன் ஒரு முனையில் சலைன் குப்பியைச் செருகினார். மறுமுனையில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றுக் குப்பி, அதுவும் ஈயக் கவசத்துக்குள். காற்றில்லாத குப்பி இழுக்க, சலைன் மளமளவென்று இறங்கி வற்றியது. கடைசியில் நாலு குமிழி. அவ்வளவுதான், கறந்தாகிவிட்டது. நான் மடியைத் தேடிக்கொண்டிருந்ததில் பாதியைக் கவனிக்காமல் விட்டேன்.

“இனி நாளைக்குக் காலைலதான் மேடம். மடி நிறைய ஒரு நாள் ஆகும்.” 23 மணி நேரத்தில் உச்சத்துக்கு வந்துவிடும் என்பது கணக்கு. இங்கே வாரம் ஒரு மாடு வருகிறது. வந்த புதிதில் பால் கொட்டும். வாரக் கடைசியில் வற்றிப்போகும், அதற்குத் தக்கபடி நோயாளிகளுக்கு நாள் கொடுக்க வேண்டும். கறந்த பாலும் 6 மணி நேரத்தில் பாதி வீரியம் போய்விடுகிற ரகம். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று சுவரில் தொங்கும் பட்டியல், கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி நிமிஷக் கணக்கில் இருந்தது.

பால்காரரை நம்பாத குடும்பத்தில் பிறந்தவள் நான். கலப்படம் பார்ப்பீர்களா என்று கேட்டேன். பார்க்கிறார்கள்! பாலில் தண்ணீர் இருக்கிறதா என்றில்லை, பாலோடு மாடே கொஞ்சம் வந்துவிட்டதா என்று. மாலிப்டினம் ஒரு அளவுக்கு மேல் கசிந்திருந்தால் அன்றைய கறவை முழுக்க வீண். இன்றைக்குச் சுத்தம்.

நாற்பத்து மூன்றாம் தனிமமான டெக்னீஷியத்துக்கு அந்தப் பெயரே செயற்கை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1937இல் இத்தாலியின் பலெர்மோவில், கதிர் பட்ட மாலிப்டினத் தகடு ஒன்றிலிருந்து பெரியே, செக்ரே என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். அதைக் கறக்கும் வித்தையை 1950களின் கடைசியில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வால்டர் டக்கரும் மார்கரெட் கிரீனும் கண்டுபிடித்தார்கள். புரூக்ஹேவன் என்ற பெயர் இன்னொரு முறை வரும்.

ஒன்பதரைக்கு முதல் தைராய்டு ஆள். இருபதுகளில் இருக்கும் ஒரு பெண். வெளியே நாற்காலியில் அவளுடைய அம்மா, மடியில் நாலு மாதக் கைக்குழந்தை. பெண்ணுக்குப் படபடப்பு, கை நடுக்கம், ராத்திரியெல்லாம் வியர்வை. “பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்னு நாங்களும் விட்டுட்டோம்” என்றார் பாட்டி. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் எகிறியிருந்தது. தைராய்டைத் தூண்டிவிடும் டிஎஸ்ஹெச் தரையைத் தொட்டிருந்தது.

என் மூளையில் அதுவரை இருந்த படம் எளிமையானது: ஹார்மோன் அதிகமா, குறைக்க மாத்திரை. டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “இன்னைக்கு மூணு பேர் வராங்க. மூணு பேருக்கும் இதே ரிப்போர்ட்தான், கிட்டத்தட்ட ஜெராக்ஸ். மூணும் ஒரே வியாதியான்னு படம் பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க.”

தைராய்டு ஹார்மோன் செய்ய அயோடின் வேண்டும். அயோடினை ரத்தத்திலிருந்து உள்ளே இழுக்க அந்தச் செல்களின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. டெக்னீஷியம் ஊசியாகப் போகும் வடிவத்தில் அளவிலும் மின்னூட்டத்திலும் அயோடினைப் போலவே இருக்கும். வாசல்காரன் ஏமாந்து விட்டுவிடுகிறான். கேமராவுக்கு அது போதும். செல்கள் எவ்வளவு மும்முரமாக இழுக்கின்றன என்பது ஒளிப்புள்ளியாகத் தெரிந்துவிடும்.

ஊசி போட்ட நேரம் 9.40. டெக்னீஷியன் அதைச் சிவப்பு மையில் எழுதினார். இருபது நிமிடம் கழித்து, தோளுக்கடியில் தலையணை வைத்து, கழுத்தை அண்ணாந்து படுக்கவைத்தார்கள். தைராய்டு கேமராவின் முகப்பு ஒரு பெரிய புனல். அதன் நுனியில் ஊசித் துளை. கழுத்துக்கு மேலே கிட்டத்தட்ட உரசிக்கொண்டு நின்றது. “எச்சில்கூட விழுங்காதம்மா, அஞ்சே நிமிஷம்.”

நான் திரையின் முன்னால். கறுப்புத் திரையில் ஒரு புள்ளி. தள்ளி இன்னொன்று. அப்புறம் பத்து, நூறு. மார்கழியில் வாசலில் என் பாட்டி புள்ளி வைப்பதை அரைத்தூக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன், எங்கே கோலம் முளைக்கப் போகிறது என்று தெரியாது. அதே ஆர்வத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். தைராய்டு பட்டாம்பூச்சி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தார்களே! தாடைக்குக் கீழே உமிழ்நீர்ச் சுரப்பிகள் பளிச்சென்று வந்தன. பட்டாம்பூச்சி வர வேண்டிய இடத்தில் வெறும் இருட்டு.

“மெஷின்ல ஏதாவது…” என்று இழுத்தேன்.

டாக்டர் சிரித்தார். “அதான் மேடம் ரிசல்ட்டே.”

அடுத்து வந்த ஐம்பது வயதுக்காரருக்குப் பட்டாம்பூச்சி இரண்டு சிறகும் விரித்து, திரையே கூசும்படி வந்தது. கிரேவ்ஸ் நோய். தன் உடம்பின் எதிர்ப்பாற்றலே சுரப்பியைச் சாட்டையால் அடித்து வேலை வாங்குகிறது. மூன்றாவது அம்மாவுக்கு வலதுபக்கம் ஒரே ஒரு உருண்டை எரிந்துகொண்டிருந்தது. மீதிச் சுரப்பி அணைந்துபோயிருந்தது. ஒரு கட்டி தனக்குத்தானே முதலாளியாகி ஹார்மோனைக் கொட்ட, மற்றதெல்லாம் கடையை மூடிவிட்டது. முதல் பெண்ணுக்கோ சுரப்பி எதையுமே இழுக்கவில்லை. பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் தைராய்டு அழற்சி. புதிதாக எதுவும் தயாராகவில்லை, ஏற்கெனவே செய்துவைத்த சரக்கு உடைந்த கிடங்கிலிருந்து ரத்தத்தில் ஒழுகுகிறது.

ரிப்போர்ட் ஜெராக்ஸ், வைத்தியம் மூன்று விதம்! கிரேவ்ஸ்காரருக்குக் கார்பிமசோல் போன்ற தடுப்பு மாத்திரை. கட்டிக்காரம்மாவுக்குக் கதிரியக்க அயோடினோ அறுவை சிகிச்சையோ. இந்தப் பெண்ணுக்கு மட்டும் தடுப்பு மாத்திரை கொடுத்தால் பயனே இல்லை, உற்பத்தியே நடக்காத ஆலையில் எதைத் தடுப்பது? படபடப்பு அடங்க கொஞ்ச நாள் ஒரு மாத்திரை, ஒழுகுவது ஒழுகி முடியும்வரை பொறுமை. சிலருக்கு அப்புறம் ஹார்மோன் குறைவாகவும் போகலாம், அதனால் ரத்தத்தைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். எவ்வளவு என்று ரத்தம் சொல்கிறது, எந்த வீட்டிலிருந்து என்று கேட்டால் வாயை மூடிக்கொள்கிறது. இந்த அடித்தளத்தில் நாள் முழுக்க நடப்பது விலாசம் விசாரிக்கும் வேலைதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்த விசாரணை தொடங்கியது ஒரு மதியச் சாப்பாட்டில். 1936 நவம்பரில் பாஸ்டனில் ஒரு இயற்பியல் அறிஞரின் உரை, சாப்பாட்டோடு. சால் ஹெர்ட்ஸ் என்ற இளம் தைராய்டு டாக்டர் எழுந்து, அயோடினைக் கதிரியக்கம் உள்ளதாக்க முடியுமா என்று கேட்டார். ஐந்தே ஆண்டில், 1941இல், கதிரியக்க அயோடினால் முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்துவிட்டார். சாப்பாட்டுக் கூட்டங்களில் நான் இதுவரை கேட்ட கேள்விகளை நினைத்துக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

பக்கத்துப் பகுதி பெட்-சிடி ஸ்கேன். அங்கே ஒரு சின்ன அறையில் நாலு பேர் சாய்வு நாற்காலியில், கழுத்துவரை கம்பளி. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே ஊட்டி மாதிரி போர்த்திக்கொண்டு மௌனம். யாரும் போன் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நர்ஸ் உதட்டில் விரலை வைத்தார்.

உள்ளே போயிருப்பது எஃப்டிஜி, கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. சைக்ளோட்ரானில் விடிவதற்குள் தயாரித்து வேனில் வருகிறது. 110 நிமிடத்தில் பாதி கரைந்துவிடும், டிராஃபிக்கில் நின்றால் சரக்கு நஷ்டம். இதை முதன்முதலில் மனிதருக்குச் செலுத்திய 1976இல்கூட, அதே புரூக்ஹேவனில் தயாரித்து, விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார்கள். எந்தத் திசு சர்க்கரை தின்கிறதோ அங்கே இது போய் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் மௌனம். பேசினால் குரல்வளைத் தசை மின்னும். சூயிங்கம் மென்றால் தாடை மின்னும். பயத்தில் தோளை இறுக்கிக்கொண்டால் அதுவும்!

மிகப் பெரிய எதிரி காபி. ஆறு மணி நேரம் வெறும் வயிறு என்று எழுதிக் கொடுத்தாலும், “ஒரு வாய் காபிதானம்மா” என்று வருகிறவர்கள் வாரத்துக்கு ஒருவர் உண்டாம். சர்க்கரை போட்ட ஒரு வாய் இன்சுலினை எழுப்பிவிடும். இன்சுலின் எஃப்டிஜியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தசைகளில் கொட்டிவிடும். படத்தில் ஆள் பயில்வான் மாதிரி தசை தசையாக ஜொலிப்பார், பார்க்க வேண்டியது எதுவும் தெரியாது. நாளை வாருங்கள்.

கம்பளிக்குக் காரணம் கேட்டபோதுதான் டாக்டர் உற்சாகமாகி நாற்காலியை இழுத்துப் போட்டார். பல வருஷம் பெட் படங்களில் ஒரு தொல்லை இருந்திருக்கிறது. சிலருக்கு, அதுவும் குளிர்காலத்தில், கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒளித் திட்டுகள். தேடியது புற்றுநோயை. இது புற்றுநோய் இல்லை, நடுவில் வந்து கெடுக்கிறது. என்னவென்று பார்த்தால் பழுப்புக் கொழுப்பு. சேமித்துவைக்காமல், எரித்துச் சூடு உண்டாக்கும் கொழுப்பு. பச்சைக் குழந்தைகளுக்கு மட்டும் இருக்கும், வளர்ந்ததும் மறைந்துவிடும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லிக்கொண்டிருந்தது. 2009இல் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் பாஸ்டன், மாஸ்ட்ரிக்ட், டுர்கு என்று மூன்று ஊர்க்காரர்கள், பெரியவர்களுக்கும் உண்டு என்று நிரூபித்தார்கள். மாஸ்ட்ரிக்டில் 24 ஆண்களை 16 டிகிரிக் குளிரில் உட்காரவைத்தபோது 23 பேருக்கு அது விழித்துக்கொண்டு மின்னியது. ஒல்லியானவர்களுக்கு அதிகமாக, பருமனானவர்களுக்குக் குறைவாக.

ஸ்கேன்காரர்கள் துடைத்தெறிய நினைத்த அழுக்கு, உடல் பருமன் ஆராய்ச்சிக்குப் புதையலாகிவிட்டது! இங்கே இன்னமும் அது தொல்லைதான். அதனால்தான் ஏசி குளிரில் அது விழித்துக்கொள்ளாமல் கம்பளி போட்டுத் தூங்கவைக்கிறார்கள்.

“எனக்கு எவ்வளவு இருக்குன்னு ஒண்ணு எடுத்துப் பாருங்களேன்?”

ஓரமாக ஏதோ மீட்டரோடு இருந்த கதிர்ப் பாதுகாப்பு அதிகாரி தலை நிமிர்ந்தார். “மேடம், ஆசைக்கெல்லாம் கதிர் கொடுக்க மாட்டோம்.” அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பன்னிரண்டு மணிக்கு மறுபடி முதல் அறை. காலையில் பத்து மணிக்கு ஊசி போட்ட ஒரு அக்காவுக்கு இரண்டாவது படம். இவருக்குக் கிட்னியில் திரும்பத் திரும்பக் கல், ரத்தத்தில் கால்சியம் அதிகம். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி மணி அளவில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்று வீங்கி, எலும்பிலிருந்து கால்சியத்தை உருவிக்கொண்டிருக்கிறது. எது? காலையில் கறந்த அதே பாலை செஸ்டமிபி என்ற மருந்தோடு கலந்து ஏற்றியிருக்கிறார்கள். முதல் படத்தில் தைராய்டும் சேர்ந்து தெரியும். இரண்டு மணி நேரத்தில் தைராய்டு அதைக் கழுவிவிட்டுவிடும், கெட்டுப்போன பாராதைராய்டு பிடித்துக்கொண்டு நிற்கும். திரையில் பட்டாம்பூச்சி மங்கிப்போய், இடது சிறகுக்குக் கீழே ஒற்றைப் புள்ளி மட்டும் மிச்சம் இருந்தது. நான் கைதட்டிவிட்டேன். யாரும் திட்டவில்லை.

“சார்ல்ஸ் மார்டெல்னு ஒருத்தர் கதை தெரியுமா?” என்றார் டாக்டர். கப்பல் கேப்டன். இதே நோய். எலும்பெல்லாம் உருகி ஏழு அங்குலம் உயரம் குறைந்துபோன மனிதர். 1926இல் பாஸ்டனில் கழுத்தைத் திறந்து தேடினார்கள். கிடைக்கவில்லை. மறுபடி திறந்தார்கள். இப்படி ஆறு முறை. 1932இல் ஏழாவது தடவை நெஞ்சைத் திறந்தபோது, மார்பெலும்புக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது கட்டி. நோய் என்னவென்று தெரியும், ஹார்மோன் அதிகம் என்றும் தெரியும், வீட்டு விலாசம்தான் யாருக்கும் தெரியவில்லை. எடுத்த சில வாரங்களில் கேப்டன் இறந்துபோனார்.

அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் டாக்டரே பேச்சை மாற்றினார். பாராதைராய்டு என்ற சுரப்பியையே முதலில் பார்த்தது ஒரு இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்திலாம்! லண்டன் உயிரியல் பூங்காவில் செத்துப்போன காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன் 1850இல் குறித்துவைத்தார். மனிதரிடம் கண்டுபிடிக்க இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று.

சர்க்கரை நோய்க்கு விலாசம் உண்டா என்று கேட்காமல் கிளம்ப மனம் வரவில்லை. அது பக்கத்துக் கட்டடத்து எம்ஆர்ஐ சமாச்சாரம் என்றாலும் சொன்னார். இங்கிலாந்தின் நியூகாசிலில் ராய் டெய்லர் 2011இல் 11 சர்க்கரை நோயாளிகளுக்கு எட்டு வாரம் நாளுக்கு 600 கலோரி மட்டும் கொடுத்து, கல்லீரலிலும் கணையத்திலும் உள்ள கொழுப்பை எம்ஆர்ஐயில் அளந்துகொண்டே வந்தார். ஒரே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 30 சதவீதம் இறங்கியது, வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாகிவிட்டது. கணையத்தில் மெதுவாக, எட்டு வாரத்தில் 8 சதவீதத்திலிருந்து 6.2க்கு.

எனக்கு அதைவிடப் பிடித்தது, டாக்டரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு படப் பிரதி. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இரண்டு ஆண்கள், பக்கத்தில் பக்கத்தில். ஒருவர் புனே டாக்டர் யாக்னிக், இன்னொருவர் லண்டனின் ஜான் யுட்கின். இருவருக்கும் பிஎம்ஐ அச்சு அசலாக 22.3. டெக்சா என்ற எக்ஸ்ரே ஸ்கேனில் படுத்துப் பார்த்தால் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடம்பில் 21.2! லண்டன்காரர் மாரத்தான் ஓடுகிறவர், நம்மவரின் உடற்பயிற்சி லிஃப்ட் கதவு மூடுவதற்குள் ஓடிப் பிடிப்பது என்று கட்டுரையிலேயே கேலி செய்துகொண்டார்கள். ஆனால் விஷயம் கேலியில்லை. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள் கொழுப்பு ஒளிந்திருப்பதை எடை மிஷின் காட்டிக்கொடுக்காது. நான் என் துப்பட்டாவை வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

வெளியே வரும்போது என் பேனா மீட்டரை வாங்கிப் பார்த்து, “ஒண்ணுமில்ல” என்று பதிவேட்டில் எழுதினார் பாதுகாப்பு அதிகாரி. உள்ளங்கை, செருப்பு அடிப்பக்கம் எல்லாம் ஒரு கருவியால் தடவினார். டிக்… டிக்… என்று சோம்பேறித்தனமாக ஒலித்தது. எல்லா அறையிலும் இருக்கிற சத்தம்தானாம்.

ரிப்போர்ட் கவுன்டரில் காலையில் வந்த பெண்ணும் பாட்டியும். குழந்தை பாட்டி தோளில், வாயில் கைமுட்டி. ஊசி போட்டதிலிருந்து 12 மணி நேரம் தாய்ப்பால் கூடாது என்பதால், விடியற்காலையிலேயே பாலைப் பீய்ச்சி டப்பாவில் எடுத்துவந்திருந்தார்கள். அதில் ஒன்று காலி.

“படத்துல ஒண்ணுமே தெரியலையாமே, நல்லதா கெட்டதா?” என்று பாட்டி என்னையே கேட்டார். நான் டெக்னீஷியனைப் பார்த்தேன்.

“நல்லதுதான் பாட்டி, டாக்டர் சொல்வாரு. பால் மட்டும் ராத்திரி ஒன்பது நாற்பதுக்கு மேல.”

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. பாட்டி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே விரல் மடக்கினார். “இன்னும் ஒன்பது மணி நேரம்டா கண்ணு” என்றார். குழந்தை வீறிட்டது.